நாலாம் கவுன்டரில் முளைத்த மீசை

வேன் அக்காவுக்கு மீசை முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, முகத் தெளிவு இயக்ககத்தின் நாலாம் கவுன்டரில். அதற்கு முந்தைய நாற்பத்திரண்டு வருஷமும் அவள் மீசை இல்லாமல்தான் காலம் தள்ளியிருந்தாள்.

கவுன்டரின் ஓட்டை வழியாகச் சுடச்சுட வந்த ஓட்டுநர் உரிம அட்டையை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெயர் அவளுடையது. பிறந்த தேதி அவளுடையது. ரத்த வகைகூடச் சரி. படத்தில் மட்டும் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் ஆண் இருந்தார். நுனி முறுக்கிய மீசை, நடுவில் பள்ளம் விழுந்த மோவாய், எதையோ திறந்துவைக்கப் போகிறவரின் சிரிப்பு.

அட்டை கைமாறி வந்துவிட்டது என்று நினைத்து, இது வேறு யாருடையதோ என்று சொல்லி நீட்டினாள். எழுத்தர் அட்டையைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், அவளை மட்டும் பார்க்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, அடுத்த ஆள் வரலாம் என்றார்.

வேன் அக்கா பதினான்கு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் இருபத்திரண்டு பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போவாள், மாலையில் அதே இருபத்திரண்டையும் எண்ணி இறக்குவாள். பிள்ளைகள் வைத்த பெயரைப் பெற்றோர் பிடித்துக்கொண்டார்கள், தெருவே பிடித்துக்கொண்டது. பேக்கரியில் அடுப்படி வேலை பார்க்கும் அவள் கணவர்கூடக் கோபம் வந்தால், "சரிங்க வேன் அக்கா" என்பார்.

வம்பு ஆரம்பித்தது ஒரு கடிதத்தில். இயக்ககம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது பழைய கோப்புகளை நிலவறையில் போட்டிருந்தார்கள். அங்கே தண்ணீர்க் குழாய் உடைந்தது. உரிமம் வாங்கியவர்களின் படங்கள் எல்லாம் கூழாகிப் போயின. இதைப் பற்றி இயக்ககம் வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. மாறாக, "தங்கள் முகம் எங்கள் வசம் இல்லை. முப்பது நாளுக்குள் முகத்தை ஒப்படைக்கவும்" என்று எல்லோருக்கும் எழுதியது.

அவள் அன்று மாலையே ஸ்டூடியோவுக்குப் போய்த் தலைவாரிப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். அது செல்லாது என்றார்கள். புதுப் படம் இன்றைய முகத்தைக் காட்டுமாம். அவர்களுக்கு வேண்டியது உரிமம் வாங்கிய வருஷத்து முகம். அந்த வருஷம் அவள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு படம். ஓட்டுநர் பயிற்சி முடிந்த அன்று, பயிற்சிக் காரின் முன்னால் பத்தொன்பது பேர் நின்று எடுத்தது. கூடப் படித்து, இப்போது செல்போன் உறை விற்கும் ஒருவனை மூன்று நாள் தேடிப் பிடித்து அதை வாங்கினாள். அதில் அவள் கடைசி வரிசையில், பயிற்சியாளர் தூக்கிய கைக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். முகம் மிளகளவு.

கவலைப்பட வேண்டாம் என்றது இயக்ககம். மிளகை வெட்டி எடுத்துப் பெரிதாக்கி, மங்கிய இடத்தையெல்லாம் தானாகவே நிரப்பித் துலக்கமாக்கித் தரும் செயற்கை அறிவுக் கருவி ஒன்று வந்திருக்கிறது, பெயர் தெளிவி. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அதற்கு முதல் நாள். வரிசையில் முதல் ஆள் வேன் அக்கா. அன்று பள்ளிக்கு விடுமுறை, அதனால் ஏழு மணிக்கே போய் நின்றிருந்தாள், பாவம்.

அடுத்த ஆளுக்கு வழிவிடாமல் அவள் நின்றதால் மேற்பார்வையாளர் அம்மாள் எழுந்து வந்தார். நிதானமானவர். கோபப்படாமல் பேசுவதற்கென்றே பயிற்சி பெற்றவர். வேன் அக்கா தன் முகத்தையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"படம் தெளிவாத்தானேம்மா இருக்கு?" என்றார் மேற்பார்வையாளர்.

"தெளிவா இருக்கு மேடம். ஆனா அது நான் இல்லையே."

"அதத்தான் சொல்றேன். படத்துல ஒரு குறையும் இல்ல. நீங்கதான் படத்துக்கு ஒத்து வரல."

மீசை எப்படி வந்தது என்று அவள் கேட்டாள். பழைய படத்தில் மீசை இல்லை என்று சொல்ல முடியாது, தெரியவில்லை என்றுதான் சொல்ல முடியும். தெரியாததைத் தெரியவைப்பதுதான் தெளிவியின் வேலை என்று பதில் வந்தது. ஆட்சேபம் இருந்தால் முகமறுப்பு மனு கொடுக்கலாம். மனுவை வாங்க வேண்டுமானால் ஓர் ஒப்புதல் வாசகத்தில் கையெழுத்திட வேண்டும். "இதுநாள்வரை நான் தெளிவற்று இருந்தேன் என்பதை முழு மனத்துடன் ஒப்புக்கொள்கிறேன்." பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவள் கையெழுத்திட்டாள். வெளியே வந்து வேனில் ஏறி உட்கார்ந்தவள், சாவியைத் திருகாமல் வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து முக ஒத்திசைவுக் குழு அவளை அழைத்தது. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். ஒருவர் அடிக்கோலை எடுத்துவந்து அவள் நெற்றியிலிருந்து மோவாய்வரை அளந்தார். பிறகு அட்டையை அளந்தார். இன்னொருவர் அவளைச் சிரிக்கச் சொன்னார். சிரித்தாள். அட்டையில் இருக்கும் சிரிப்பு போல என்றார். அந்தச் சிரிப்பு அவளுக்கு வரவில்லை. மூன்றாமவர் நல்ல மனுஷர், அவள் முயற்சியாவது செய்திருக்கிறாளா என்று பரிவோடு விசாரித்தார். கடைசியில், மனுதாரர் தம் படத்தோடு முப்பத்தொரு சதவீதமே ஒத்துப்போகிறார், தொண்ணூறு நாளுக்குள் ஒத்துப்போக வேண்டும், தவறினால் உரிமம் ரத்து, அதுவரை வண்டி ஓட்டக்கூடாது என்று தீர்ப்பு எழுதினார்கள்.

தீர்ப்பின் நகல் பள்ளிக்கூடத்துக்கும் போயிற்று. தாளாளர் அவளைப் பதினான்கு வருஷமாக அறிந்தவர். எனக்கு உன்னைத் தெரியும், அட்டைக்குத் தெரியவில்லையே, நான் என்ன செய்ய என்று கையைப் பிசைந்தார். வேனைப் புது ஓட்டுநர் ஒருவரிடம் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே அவர் பிள்ளைகளை எண்ணாமல் இறக்கிவிட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். கடைசி இருக்கையில் தூங்கிப்போன எல்.கே.ஜி. பிள்ளை ஒன்று ஒன்றேகால் மணி நேரம் மூடிய வேனுக்குள் வெயிலில் கிடந்தது. காவலாளி கண்ணில் பட்டதால் பிழைத்தது. செய்தி கேட்டதும் வேன் அக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கையில் ஊசி குத்தியிருந்த அந்தப் பிள்ளை அவளைப் பார்த்து, ஏன் வரவில்லை என்று கேட்டது.

அதுவரை அவளுக்கு இருந்தது குழப்பம். அன்றைக்குப் பிறகு இருந்தது வேறு.

வீட்டுக்கும் ஒரு கடிதம் வந்தது, கணவர் பெயருக்கு. "தங்கள் இணையர் தெளிவுபடுத்தப்பட்டுள்ளார். திருமணப் பதிவில் புதிய படம் சேர்க்கப்பட்டுள்ளது. வாழ்த்துகள்." பேக்கரிக்காரர் படத்தைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மீசைக்கு எண்ணெய் வாங்கி வரட்டுமா என்றார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்ததும் சிரிப்பை அப்படியே விழுங்கிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

தெளிவியின் ஐம்பதாம் நாள் விழாவுக்கு வேன் அக்காவை மேடைக்கே அழைத்தார்கள். அவள்தான் முதல் தெளிவாளர். பதிவேட்டில் ஒன்றாம் எண். வராவிட்டால் மனு தள்ளுபடியாகும் என்று அழைப்பிதழின் கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தது. போனாள். மேடையில் அவளை நிறுத்தி, அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பக்கத்தில் மைக். மைக்கின் பின்னால் இயக்குநர் வந்து நின்றார்.

அவரை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. நுனி முறுக்கிய மீசை. நடுவில் பள்ளம் விழுந்த மோவாய். எதையோ திறந்துவைக்கப் போகிறவரின் சிரிப்பு.

அவள் அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சபையைப் பார்த்தாள். யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. இயக்குநர் வரும்போது தரையைப் பார்ப்பதுதான் அந்த அலுவலகத்தில் மரியாதை. அவருடைய காலணி எந்தக் கடையில் வாங்கியது என்று அத்தனை ஊழியர்களுக்கும் தெரியும். முகத்தை அடையாளம் சொல்லக்கூடியவர் மூன்று பேர் தேறினால் அதிகம்.

இயக்குநர் பேசினார். "முன்னல்லாம் மக்கள் எங்ககிட்ட வரும்போது ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி இருந்தாங்க. எவ்வளவு குழப்பம், எவ்வளவு தாமதம். இன்னிக்கு அந்தக் குழப்பத்த ஒழிச்சிட்டோம். சில பேரு இது என் முகமே இல்லன்னு வர்றாங்க. நான் கேக்குறேன், உங்க முகத்த நீங்க நேரா பாத்திருக்கீங்களா? கண்ணாடியிலதானே பாத்தீங்க? நாங்க பாத்திருக்கோம். எங்க கணக்கு ஒண்ணுதான். முதல்ல பதிவானது மூலம், பின்னால வர்றது நகல். இதுல பெரியவன் சின்னவன் கிடையாது. எனக்கும் இதே விதிதான்."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. வேன் அக்காவும் தட்டினாள். கடைசி வாசகத்துக்குக் கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

மேடையை விட்டு இறங்கியவளை ஒரு பெண் சைகை காட்டிக் கூப்பிட்டாள். தெளிவியை இயக்கும் டெக்னீஷியன். ஐம்பது நாளாகச் சரியாகத் தூங்காத கண். ஓரமாகப் போனதும், "கண்டுபிடிச்சிட்டீங்களாக்கா?" என்றாள்.

விஷயம் இதுதான். முகம் என்றால் எப்படி இருக்கும் என்று தெளிவிக்குச் சொல்லிக்கொடுக்க ஆயிரக்கணக்கான மாதிரிப் படங்கள் தேவைப்பட்டன. வாங்குவதற்கு அனுமதி கேட்டுப் போன கோப்பு எட்டு மாதம் திரும்பவில்லை. திறப்பு விழா தேதியோ நெருங்கிவிட்டது. இயக்குநர் பெருந்தன்மையோடு தம் சொந்தப் படங்களையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ரிப்பன் வெட்டுவது, கல்வெட்டைத் திறப்பது, கை குலுக்குவது என்று ஒன்பதாயிரம் படம். மனித முகம் என்று தெளிவி அறிந்தது அது ஒன்றைத்தான். மங்கலாக எதைக் கொடுத்தாலும் அதைத்தான் வரைந்து தருகிறது. சோதனைக்காக ஒரு பூசணிக்காய்ப் படத்தைக் கொடுத்துப் பார்த்தாளாம். அதற்கும் மீசை வந்தது. மேலிடத்தில் சொன்னதற்கு, குறை சொல்லுமுன் தன் முகத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி ஒரு குறிப்பாணை கொடுத்துவிட்டார்கள். இப்போது அவள் அட்டையிலும் மீசைதான். ஊரில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் இயக்குநர் முகத்தோடு நடமாடுகிறார்கள். எதிரில் நிற்பவர் படத்தோடு ஒத்துப்போனால் மட்டுமே அது நகலா என்று பதிவேட்டில் தேடும் ஏற்பாடு, இதுவரை ஒருவரும் ஒத்துப்போகாததால் ஒரு நகலும் பிடிபடவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி ஆகிவிட்டது என்று வெட்கப்பட்டு அட்டையை வெளியே காட்டாமல் இருக்கிறார்கள்.

"அவரு முகத்த அவரு பதிஞ்சிட்டாரா?" என்று கேட்டாள் வேன் அக்கா.

"இல்லக்கா. பெரிய பதவிக்காரங்களுக்கு விலக்கு இருக்கு. அவங்களா விருப்பப்பட்டு வந்தாத்தான் உண்டு."

வேன் அக்கா அன்று வீட்டுக்கு நடந்தே போனாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து, நான்கு தாளைக் கிழித்துப் போட்டபின் ஐந்தாவதில் இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதினாள். வாழ்நாளில் யாரையும் அவள் அப்படிப் புகழ்ந்ததில்லை. எழுதும்போது கை கூசிற்று. தன் அறியாமை நீங்கியது என்றாள். பொதுமக்களில் இன்னும் சிலர் தெளிவுக்கு அஞ்சுகிறார்கள், இயக்குநர் அவர்களே பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் நாலாம் கவுன்டரில் நின்று தம் முகத்தைப் பதிந்துகொண்டால் அச்சம் அடியோடு அகலும், இது ஒரு சாதாரண வேன்காரியின் ஏக்கம் என்று முடித்தாள். படித்த கணவர், "ஏக்கமா, உனக்கா?" என்றார். தாளை வாங்கி மடித்து உறைக்குள் போட்டாள்.

இயக்குநருக்குக் கடிதம் ரொம்பப் பிடித்துவிட்டது. சட்டம் போட்டுத் தம் அறையில் மாட்டச் சொன்னார். கடிதம் போய்ப் பதினெட்டாம் நாள் ஏற்பாடு ஆயிற்று. நாலாம் கவுன்டருக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மங்கிய படத்தைத் தெளிவி துலக்குவதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காக, தாம் வேலைக்குச் சேர்ந்த வருஷத்தில் நூறு பேரோடு எடுத்த படத்தைக் கொண்டுவந்து, மூலையில் ஒரு புள்ளியைக் காட்டி, அது நான் என்றார். எழுத்தர் புள்ளியை வெட்டித் தெளிவியில் ஏற்றினார். சுவரிலிருந்த பெரிய திரையில் மீசையும் மோவாயும் சிரிப்புமாக இயக்குநர் அச்சு அசலாக எழுந்து வந்தார். கூட்டம் ஆகா என்றது. பிறகு திரையில் சிவப்பில் ஒரு வரி வந்தது. இம்முகம் ஏற்கெனவே பதிவானது. மூலவர், பதிவு எண் ஒன்று. கீழே வேன் அக்காவின் பெயர்.

எழுத்தர் நேர்மையான மனிதர். இருபத்தாறு வருஷப் பணியில் யார் என்று பார்த்து ஒரு விதியைத் தளர்த்தியதில்லை. யார் என்று பார்த்ததே இல்லை. கணினியைப் பார்த்தபடியே சொன்னார்:

"முகம் உங்களுக்குப் பொருந்துது சார். ஆனா உங்களுது இல்ல."

இயக்குநர் சிரித்தார். நான் யார் தெரியுமா என்று கேட்டார். அதைத்தான் நிரூபிக்க வேண்டும் என்றார் எழுத்தர். எனக்கும் இதே விதிதான் என்று இயக்குநர் மேடையில் பேசியதை ஒரு நிருபர் தம் செல்போனில் தேடியெடுத்து, சத்தமாகப் போட்டுக் காட்டினார். மேற்பார்வையாளர் அம்மாள் நிதானம் குலையாமல் வந்து, மனு வாங்குவதற்கு முன் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் வாசகத்தை நீட்டினார். இத்தனை கேமராக்களுக்கு முன்னால் மறுக்க முடியாமல், தாம் இதுநாள்வரை தெளிவற்று இருந்ததை இயக்குநர் முழு மனத்துடன் ஒப்புக்கொண்டார். பின்வரிசையில் நின்ற வேன் அக்கா, அவருடைய பேனா தாளில் தடுமாறுவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். அன்று அவள் சாப்பிட்ட சாப்பாடு வெகுநாள் கழித்து ருசித்தது.

ஒத்திசைவுக் குழு தன் கடமையைச் செய்தது. அடிக்கோல்காரர் இயக்குநரின் நெற்றியை அளந்தார். நூறு சதவீதம் ஒத்துப்போகிறார். எனவே முழு நகல் என்று முடிவாயிற்று. மூல முகத்திலிருந்து விலகி நிற்பதற்காக மீசையை எடுத்துவிடும்படி பரிந்துரைத்தார்கள். முப்பது வருஷத்து மீசை. எடுத்தார். மறுநாள் வாசல் காவலாளி அவரை நிறுத்தி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். மீசை போயும் ஒத்திசைவு தொண்ணூற்றாறுக்குக் கீழே இறங்கவில்லை. மூலவரிடமிருந்து எழுத்தில் ஒரு முகவிடுப்புக் கடிதம் வந்தால் மட்டும் பதிவேட்டைத் திருத்தலாம். அதற்குத் தொண்ணூறு நாள். அதுவரை பதவியில் நீடிக்கலாம், அதன்பின் அடையாளமில்லாதவர் அரசுப் பணியில் இருக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தத் தொண்ணூறில் இருபதாம் நாள் இயக்குநர் வேன் அக்கா வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். மேலுதடு மட்டும் வெளிறி, அந்நியமாக இருந்தது. பேக்கரிக்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"நான் யாருக்கும் கெடுதல் நெனச்சதில்லம்மா," என்றார் இயக்குநர். "சத்தியமா சொல்றேன். நான் யாரையும் நெனச்சதே இல்ல."

அதை அவள் நம்பினாள். மூடிய வேனில் கிடந்த பிள்ளையின் கதையைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது போக்குவரத்துத் துறையின் கீழ் வருமே என்றார்.

அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். தெளிவியை நிறுத்த வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கும் இன்றைய முகத்தோடு, இன்று எடுத்த படத்தோடு புது அட்டை கொடுக்க வேண்டும். அட்டை மாறினாலும் பழைய பதிவேடு மாறாது என்பது இருவருக்குமே தெரியும். எனக்குக் கடிதம் கிடைக்குமா என்று அவர் கேட்டார்.

"என் கையால எழுதித் தரேன் சார்," என்றாள்.

ஒரே வாரத்தில் ஆணை போட்டார். அந்த இயக்ககத்தின் சரித்திரத்தில் அவ்வளவு வேகமாக ஒரு காரியம் நடந்ததில்லை. டெக்னீஷியன் பெண் தெளிவியின் மின்இணைப்பைத் தன் கையாலேயே பிடுங்கினாளாம். ஊரில் மீசை வைத்த பெண்களுக்கும் ஆண்களுக்கும் அவரவர் முகம் திரும்பி வந்தது. வேன் அக்கா வேனில் ஏறினாள். ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வந்த பிள்ளையைத் தனக்குப் பின்னால், கண்ணாடியில் தெரியும்படி உட்காரவைத்தாள்.

இயக்குநர் தினமும் ஆள் அனுப்பிக் கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் பதில் சொன்னாள். அது பொய்யும் அல்ல. கடிதம் மேசை இழுப்பறையில் தயாராக இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. எழுபதாம் நாள் அவர் மேற்பார்வையாளரை அனுப்பினார். எண்பத்தைந்தாம் நாள் தாமே வந்து, வாசலில் நின்றுவிட்டுப் போனார். தொண்ணூறாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாள். மை காயும்வரை காத்திருந்தாள்.

தொண்ணூற்றோராம் நாள் காலை பத்து மணிக்கு நாலாம் கவுன்டரில் கடிதத்தை நீட்டினாள். எழுத்தர் தேதியைப் பார்த்தார். பிறகு, பணியில் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக, தலையைத் தூக்கி எதிரில் நிற்கும் ஆளைப் பார்த்தார்.

"ஒரு நாள் தாமதம்மா. இது செல்லாது."

"தெரியும்," என்றாள். "பெற்றுக்கொண்டோம்னு முத்திரை மட்டும் போட்டுக் குடுங்க. குடுத்த வாக்குக் காப்பாத்தணும்ல."

முத்திரை குத்திய நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாலையில் பேக்கரியிலிருந்து வந்த கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினார். வயசான மனுஷன், முப்பது வருஷ வேலை, ஓய்வு பெற ஆறு மாதம்தான் பாக்கி என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். பிறகு, "உனக்குப் பாவமா இல்லையா?" என்று கேட்டார்.

கேள்வி அவளுக்கு நியாயமானதாகப் பட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, உள்ளே எங்காவது இருக்கிறதா என்று உண்மையாகவே ஒருமுறை தேடிப் பார்த்தாள்.

"இல்லங்க," என்றாள்.